மிச்சத்தில் இருபது

என் அக்கா புருஷன் யாரையும் முழுப் பலத்தோடு அடித்ததில்லை. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். அடித்து முடித்துக் கையை உதறிக்கொண்டு, எதிரே நிற்பவரின் மூக்கிலிருந்து இரத்தம் வழிந்துகொண்டிருக்கும்போதே சொல்வார்: "இது முப்பது பெர்சன்ட். நூறு போட்டிருந்தா நீ எந்திரிச்சிருக்க மாட்ட." மிச்ச எழுபதையும் ஏதோ தானம் செய்துவிட்டதுபோல ஒரு முகம் வைத்துக்கொள்வார். அடி வாங்கினவரும் சில சமயம் அதை நம்பித் தலையாட்டிவிட்டுப் போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் பெயரை எழுத எனக்கு மனமில்லை. இலங்கையில், மாத்தளைப் பக்கம் ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற பாதையில், பாதி நாள் பனிமூட்டத்துக்குள் கிடக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் டீமேக்கராக இருந்தார். கொழுந்து பேக்டரிக்குள் நுழைவதிலிருந்து தூளாகிப் பெட்டிக்குள் போகிறவரை எல்லாம் அவர் பொறுப்பு. கதவு நிலையில் குனிந்துதான் உள்ளே வருவார், அப்படி ஒரு உயரம். அக்காவை அவருக்குக் கொடுத்தபோது, பேக்டரி உத்தியோகம், குவார்ட்டர்ஸ் வீடு, இதுக்கு மேல என்ன வேணும் என்று அம்மா தொழிலாளர் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கொஞ்ச நாளில் அதே பேக்டரியில் தூளிலிருந்து காம்பு பொறுக்கும் வேலைக்கு என்னையும் சேர்த்துவிட்டார்கள். அக்கா வீட்டிலேயே தங்கினேன். அவரை மச்சான் என்று கூப்பிடுவேன். பகலெல்லாம் பேக்டரியில் அவர் அதிகாரம், பொழுது சாய்ந்தால் வீட்டில் அவர் அதிகாரம். அந்த மனிதரை இரண்டு பக்கமும் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

அவருக்கு உலகத்தில் எல்லாமே நூற்றுக்கு இத்தனைதான். மழை வருமா என்று கேட்டால் நூற்றுக்கு அறுபது என்பார். குழம்பு எப்படி என்று கேட்டால் உப்பு இரண்டு பெர்சன்ட் கூட என்பார். அவருடைய தொழிலே அதுவாக இருந்ததால் வாயும் அப்படியே பழகிவிட்டது. நூறு ராத்தல் பச்சைக் கொழுந்து உள்ளே போனால் இருபத்திரண்டு ராத்தல் தூள் வெளியே வர வேண்டும். ஒன்று குறைந்தால் தோட்டத்தை நடத்துகிற துரை கூப்பிட்டு விசாரிப்பார். அந்த இருபத்திரண்டைக் காப்பாற்றுவதற்காகவே அவர் பிறந்திருக்கிறார் என்று நாங்கள் காம்பு பொறுக்கிக்கொண்டே கேலி பேசுவோம்.

ஒரு நாள் நல்ல மனநிலையில் இருந்தார். எங்களையெல்லாம் கூப்பிட்டு, சுவரில் கரித்துண்டால் எழுதிக் காட்டினார். நூற்றுக்கு இருபத்திரண்டு. அதையே பின்னமாக எழுதினால் ஐம்பதில் பதினொன்று. தசமமாக எழுதினால் சைபர் புள்ளி இரண்டு இரண்டு. விகிதமாகச் சொன்னால் ஒரு ராத்தல் தூளுக்கு நாலரை ராத்தலும் கொஞ்சமும் கொழுந்து. நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

"நாலும் ஒரே ஆளு," என்றார். "கவர்மென்ட் கச்சேரிக்குப் போறப்ப ஒரு சட்டை, கோயிலுக்கு ஒரு சட்டை, வேலைக்கு ஒரு சட்டை, வீட்டுல ஒரு சட்டை. சட்டையப் பாத்து ஏமாந்துறக் கூடாது. உள்ளுக்க இருக்கிறது யாருன்னு பாக்கணும்."

பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் இவ்வளவு அழகாகச் சொல்லித் தந்ததில்லை. அன்றைக்கு எனக்கு அவரைப் பிடித்திருந்தது. ஆனால் மத்தியானமே, புதிதாக வந்த உதவி டீமேக்கர் கரும்பலகையில் பத்துப் பெர்சன்ட் என்று மொட்டையாக எழுதிவிட்டார் என்பதற்காக, "எதுல பத்து? எந்த நூறு?" என்று கேட்டுக் கேட்டு அவரைச் சுவரோடு சாய்த்து அறைந்தார். நூறு எது என்று சொல்லாமல் பெர்சன்ட் பேசுகிறவன் ஒன்று கள்ளன், இல்லாவிட்டால் மடையன் என்பது அவர் கட்சி. அந்தப் பையன் சட்டைப் பொத்தானைத் தரையில் தேடிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

கொழுந்து நிறுத்துப் பதிகிற கணக்கப்பிள்ளையின் பல் போனதும் இந்தக் கட்சியால்தான். மழைக் காலத்தில் கொழுந்து ஈரமாக இருக்கும் அல்லவா? அதனால் நிறுக்கிற இடத்தில் தண்ணீருக்கென்று நூற்றுக்குப் பத்து வெட்டிவிடுவார்கள். அது எல்லாத் தோட்டத்திலும் உள்ள வழக்கம். எங்கள் தோட்டத்தில், பேக்டரிக்கு வந்த பிறகு இன்னொரு பத்து வெட்டினார்கள். கணக்கப்பிள்ளை பெண்களிடம் வெட்டு இருபது என்று சொல்லி, அப்படியே பதிந்தார். கொழுந்துக்காரப் பெண்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சத்தம் போட்டார்கள். சத்தம் கேட்டு மச்சான் பேக்டரியிலிருந்து இறங்கி வந்தார். என்ன ஏது என்று கேட்டார். கணக்கப்பிள்ளை விளக்கிக்கொண்டிருந்தபோதே கை பாய்ந்தது. கணக்கப்பிள்ளை தராசுக் கம்பத்தில் மோதி விழுந்தார். முன்பல் ஒன்று கொழுந்துச் சாக்கின்மேல் போய் விழுந்தது.

பெண்கள் அவரைத் தெய்வமாகப் பார்த்தார்கள். ஒருத்தி கையெடுத்துக் கும்பிடவே போனாள். மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் விளங்கப்படுத்தினார். முதல் பத்து நூறில் வெட்டுவது. மிச்சம் தொண்ணூறு. இரண்டாவது பத்தை அந்தத் தொண்ணூறில்தான் வெட்ட வேண்டும், அது ஒன்பது. ஆக மொத்தம் பத்தொன்பது. இந்தக் கழுதை இருபது என்று சொல்கிறான் என்றார். இரண்டு தரம் வெட்டியது அநியாயம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கணக்குத் தப்பியதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. கும்பிடப் போனவள் கையைக் கீழே போட்டாள். "பல்லு போச்சு, வெட்டு போகலியே," என்று யாரோ முணுமுணுத்தார்கள். எல்லோரும் கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் மலையேறினார்கள்.

வீட்டுக்கு வருகிறேன். வீட்டில் அவருக்கு ஓர் அளவு இருந்தது. ஐந்து என்றால் தலையில் ஒரு குட்டு. பத்து என்றால் விரல்கள் மட்டும் கன்னத்தில் படும். முப்பது பேக்டரி ஆட்களுக்கு. இருபது அக்காவுக்கு. அதற்கு மேல் அவளை அடித்ததில்லை என்பதில் அவருக்குப் பெருமை. "பொம்பளப்புள்ளைன்னு இருபதோட நிறுத்திக்கிறேன்" என்று அப்பாவிடமே சொன்னார். அப்பா அதைக் கேட்டுக்கொண்டு தேத்தண்ணி குடித்தார். இருபதில் அக்காவின் காது ஒரு மழைக் காலம் முழுக்கக் கேட்கவில்லை. இருபதில் அவள் விலா எலும்பு வீங்கி, மூச்சு விடும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோட்டத்து மருந்துக்காரர் கேட்டபோது, படியில் வழுக்கிவிட்டது என்றாள்.

அவர் வெறும் மிருகமாக இருந்திருந்தால் எனக்கு இதை எழுதுவது சுலபம். எழுபத்துமூன்று, எழுபத்துநாலில் தோட்டத்தில் பஞ்சம் வந்தது. அரிசியும் இல்லை, மாவும் இல்லை. லயத்துப் பிள்ளைகள் காட்டுக் கீரையைப் பச்சையாகத் தின்றார்கள். அந்தச் சமயம் மருந்துக்காரர் அக்காவின் விரலில் குத்திப் பார்த்து, இரத்தம் அறுபது பெர்சன்ட்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அப்போதெல்லாம் இரத்தத்தையும் பெர்சன்டில்தான் சொல்வார்கள். மச்சான் அதைக் கேட்டு ஆடிப்போனார். வேறு எந்தச் சொல்லில் சொல்லியிருந்தாலும் அவருக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

அன்றிலிருந்து வீட்டில் சுடுகிற ஒற்றை ரொட்டியை அவரே கத்தியால் பத்தாகக் கீறுவார். அக்காவுக்கு நாலு, எனக்கு மூன்று, அவருக்கு மூன்று. அந்த உடம்புக்கு மூன்று துண்டு எந்த மூலைக்கு? இடுப்பு வாரில் புது ஓட்டை போட்டுக்கொண்டார். பேக்டரியில் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். ஆனாலும் ஒரு நாளும் நாலாவது துண்டைத் தொட்டதில்லை. அக்கா தின்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் இருந்தது அன்புதான், வேறு பெயர் எனக்குத் தெரியாது.

ஒரு நாள் அக்கா தன் பங்கில் ஒரு துண்டை எனக்குத் தந்தாள். நான் வேண்டாம் என்றேன், அவள் என் கையில் திணித்துவிட்டாள். அதை அவர் பார்த்துவிட்டார். பத்துப் பெர்சன்ட்தானே குறைகிறது, அவளும் பாவம் என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"பத்து இல்ல," என்றார் மச்சான். "உன் பங்கு நாலுல ஒண்ணு. கால்வாசி. இருபத்தஞ்சு பெர்சன்ட். உன் இரத்தம் எப்பிடி ஏறும்?"

சொல்லிக்கொண்டே அறைந்தார். அக்கா அடுப்படியில் போய் விழுந்தாள். உதடு கிழிந்து, இரத்தம் தாடை வழியாகச் சட்டையில் இறங்கியது. இரத்தம் குறைந்தவள் என்று நாலு துண்டு கொடுத்த மனுஷன் அந்த இரத்தத்தையே தரையில் கொட்ட வைத்தார். கொட்ட வைத்துவிட்டு, இருபதுதான் போட்டேன் என்று என்னைப் பார்த்துச் சொன்னார், நான் என்னவோ நீதவான் மாதிரி. ரொட்டியில் யாருடைய பங்கில் எவ்வளவு என்று அவ்வளவு சரியாகத் தெரிந்த ஆளுக்கு, அந்த அறை அவருடைய நூறில் இருபது, அக்காவின் நூறில் எவ்வளவு என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றியது. ஆனால் அவர் எதிரே யாரும் கேட்க மாட்டோம்.

பஞ்சத்துக்குப் பிறகு இந்தியா போகிற பேச்சு வந்தது. இரண்டு அரசாங்கமும், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த எங்கள் சனத்தைப் பங்கு போட்டுக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும்: ஏழு பேர் இந்தியாவுக்கு, நாலு பேர் இலங்கைக்கு. மச்சான் அதையும் விடவில்லை. பதினொன்றில் ஏழு என்றால் நூற்றுக்கு அறுபத்துமூன்று புள்ளி ஆறு மூன்று ஆறு மூன்று என்று போய்க்கொண்டே இருக்கும், முடியவே முடியாது, இந்தக் கணக்கை இவர்கள் எப்படித்தான் முடிக்கப் போகிறார்களோ என்று சொல்லிச் சிரித்தார். அவருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. அப்பா, அம்மா, நான் இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதியிருந்தோம். கல்யாணத்துக்கு முன்பே எழுதிய மனு என்பதால் அக்கா பேரும் அதில் இருந்தது. பேரை வெட்டச் சொல்லி மச்சான் அப்பாவிடம் சொன்னார். அப்பா சரி என்றார், வெட்டவில்லை. என் அப்பா தன் வாழ்க்கையில் துணிந்து செய்த ஒரே காரியம் அதுதான். பாஸ்போர்ட்டும் வந்து அம்மாவின் டிரங்குப் பெட்டிக்குள் அடியில் கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் அடுப்புக்காரன் விஷயம் நடந்தது. பேக்டரியில் தூளைக் காயவைக்கும் அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலையைக் கீழ்க் கிராமத்துச் சிங்கள ஆள் ஒருவன் செய்துவந்தான். இளவயது, கல்யாணமானவன். அவன் பெண்சாதி எங்கள் வீட்டுக்குப் பலாக்காய் கொண்டுவந்து தருவாள். ஒரு நாள் அவன் அடுப்பை அதிகமாக எரித்துவிட்டான், ஒரு அடுக்குத் தூள் கருகிப்போனது. மச்சான் அவனைக் காம்பு பொறுக்கும் பெண்களுக்கு நடுவில் இழுத்துக்கொண்டு வந்து அடித்தார். நாற்பது என்று சிங்களத்திலேயே அவனுக்குக் கணக்கும் சொன்னார். அவன் எழுந்து, எங்கள் எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனான். மறுநாள் வேலைக்கு வரவில்லை. பலாக்காயும் வரவில்லை.

எழுபத்தேழில் தேர்தல் முடிந்து கொஞ்ச நாளில் தமிழ் ஆட்களுக்கு எதிராகக் கலவரம் வந்தது. மாத்தளையில் கடை எரிகிறது, அந்தத் தோட்டத்தில் லயம் எரிகிறது என்று ஒவ்வொன்றாகச் செய்தி வந்தது. எங்கள் தோட்டத்துக்கு ஒரு மத்தியானம் வந்தார்கள். முதலில் கீழ் லயத்தில் புகை எழும்பியது. ஆட்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் ஓடினார்கள். துரை அன்று தோட்டத்தில் இல்லை. மச்சான் என்னையும் அக்காவையும் பேக்டரியின் மேல்மாடிக்கு, கொழுந்து வாட்டுகிற இடத்துக்குத் துரத்திவிட்டு, கீழே கதவைப் பூட்டிவிட்டு முற்றத்தில் நின்றார். கையில் அடுப்பு கிளறுகிற இரும்புக் கம்பி இருந்தது. நாங்கள் ஜன்னல் பலகை இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெருங்கூட்டம் லயத்தில் சாமான் அள்ளிக்கொண்டிருந்தது. பேக்டரிக்கு வந்தது கொஞ்சப் பேர்தான். முன்னால் வந்தவன் அடுப்புக்காரன். அவன்தான் எங்கள் குவார்ட்டர்ஸைக் கையால் காட்டினான். பிறகு மாடியைக் காட்டினான். பெண்கள் எங்கே ஒளிவார்கள் என்று பேக்டரியில் வேலை செய்தவனுக்குத் தெரியாதா? அவன் கதவை நோக்கி நடந்தான்.

மச்சானின் முதல் அடி அவன் தோளில் விழுந்தது. அது எலும்பில் பட்ட சத்தம் மாடிவரை கேட்டது. அவன் முழங்காலில் விழுந்தான். இரண்டாவது அடியில் குப்புற விழுந்தான். அத்துடன் நின்றிருக்கலாம், மற்றவர்கள் அதற்குள்ளேயே பின்வாங்கத் தொடங்கிவிட்டார்கள். மச்சான் நிற்கவில்லை. விழுந்து கிடந்தவனைச் சுற்றி வந்து அடித்தார். கம்பியின் சத்தம் மாறியது. ஈரக் கொழுந்துச் சாக்கைத் தரையில் போட்டால் வருமே, அப்படி ஒரு சத்தம். அடுப்புக்காரன் அம்மா என்று சிங்களத்தில் ஒருமுறை கூப்பிட்டான், அம்மே என்று. அதன்பிறகும் அடித்தார். அக்கா கண்ணை மூடவில்லை. நான்தான் மூடிக்கொண்டேன். திறந்தபோது இரண்டு பேர் அவனைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள், தலை கல்லில் தட்டிக்கொண்டே போனது. போகிற போக்கில் எங்கள் வீட்டுக்குத் தீ வைத்துவிட்டுப் போனார்கள்.

மச்சான் மாடிக்கு வந்தார். முகமெல்லாம் இரத்தம் தெறித்திருந்தது. அக்காவைப் பார்த்து, "நூறு போட்டேன். இவ்வளவு இருக்குன்னு எனக்கே தெரியாது," என்றார். அவர் குரலில் இருந்தது பயமா ஆச்சரியமா என்று எனக்குப் புரியவில்லை. அக்கா அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

தோட்டத்து லொறி டிரைவரும் சிங்களவர்தான். அவர்தான் எங்களையும், பக்கத்து டிவிஷனிலிருந்த அப்பா அம்மாவையும், அம்மா விடாமல் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த டிரங்குப் பெட்டியையும் தேயிலைச் சாக்குகளுக்கு அடியில் வைத்து மாத்தளைக்குக் கொண்டுவந்து, அகதிகளை வைத்திருந்த பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டார். வழியில் மறித்தவர்களிடம் வெறும் சாக்கு என்று சத்தியம் செய்தார். மச்சான் எங்களோடு வரவில்லை, தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டார். அடுப்புக்காரன் ஆஸ்பத்திரியில் செத்துப்போன செய்தி பின்னால் வந்தது. அவன் ஏன் பேக்டரிக்கு வந்தான் என்று சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் அவன் பக்கத்து ஆட்கள் பொலிஸுக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டோம். ஆனால் பழி தீர்க்க மச்சானைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பள்ளிக்கூட முகாமில், மச்சான் அங்கே இல்லாமலே பெரிய ஆளாகிவிட்டார். யாரைப் பார்த்தாலும் அவருடைய கம்பிக் கதையைத்தான் பேசினார்கள். அவர் ஒருவர்தான் எதிர்த்து நின்றாராம், அவர் ஒருவர்தான் ஆம்பிளையாம். எங்களைக் காப்பாற்றினார் என்பது உண்மை. அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன், அன்றைக்கு அவர் இல்லாவிட்டால் நானும் அக்காவும் என்னவாகியிருப்போமோ. அம்மா அக்காவின் தலையைத் தடவிக்கொண்டே, உனக்காக ஒருத்தனை அடிச்சுக் கொன்னவரு, இப்பிடி ஒரு புருஷன் யாருக்குக் கிடைக்கும், இந்தியா கிந்தியான்னு பேசாத என்றாள்.

அடுத்த நாள் காலையில் குழாயடியில் வாளியோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"ஏண்டி, இருபது அஞ்சு தரம் போட்டா நூறுதானே?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அவள் அந்த முற்றத்தில் கிடந்தவனை வைத்துக் கணக்குப் பார்க்கிறாள். நூறு என்றால் என்ன என்று முதல் தரம் கண்ணால் கண்டுவிட்டாள், இனி இருபது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். மச்சான் எனக்குச் சொல்லித் தந்த கணக்கையே அவளுக்குத் திருப்பிச் சொன்னேன்.

"அப்பிடிக் கூட்டக் கூடாதுக்கா. ஒவ்வொரு தரமும் மிச்சத்துலதான் வெட்டணும். நூறுல இருபது போனா எம்பது. எம்பதுல இருபது பெர்சன்ட்னா பதினாறு, அது போனா அறுபத்துநாலு. அப்பிடியே அஞ்சு தரம் வெட்டுனா முப்பத்திரண்டே முக்கால் சொச்சம் மிஞ்சும்."

"அதுக்கு மேலயும் வெட்டுனா?"

"குறைஞ்சுகிட்டே போகும். சைபராகாது."

"அதான் நான் இன்னும் நடமாடிக்கிட்டு இருக்கேன்," என்றாள் அக்கா. வாளியை நகர்த்தி வைத்தாள். நானும் இந்தியாவுக்கு வர்றேன், அப்பாகிட்ட சொல்லிரு என்றாள்.

கலவரம் ஓய்ந்தது. ஊர் அடங்கிக் கொஞ்ச நாள் கழித்து மச்சான் முகாமுக்கு வந்தார். தாடி வளர்ந்து, தலையில் துவாயைப் போட்டு முகத்தை மறைத்திருந்தார். வவுனியாப் பக்கம் காடு வெட்டிக் குடியேறுகிறார்கள், அங்கே போவோம், அந்தப் பக்கம் யாரும் தேடி வர மாட்டார்கள் என்று அக்காவைக் கூப்பிட்டார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி தேடி ஓடினாள். அக்கா தான் இந்தியா போகப்போவதைச் சொன்னாள். அவர் கத்துவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் பள்ளிக்கூடத்து வாங்கில், சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில், முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்தார்.

"இனிமே சைபர்," என்றார். "மத்த எதுக்கும் எந்த நூறுன்னு கேக்கணும். சைபருக்குக் கேக்கத் தேவையில்ல. எதுல போட்டாலும் சைபர் சைபர்தான்."

கணக்குச் சரிதான். அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியதையும் நான் பார்த்தேன். அவர் சொன்னால் சொன்னதுதான், ரொட்டியில் நாலாவது துண்டைத் தொடாதவர் அல்லவா? எனக்கே ஒரு நிமிஷம் மனம் இளகிவிட்டது. அக்கா இவரோடு போய்விடுவாளோ என்று பயமாகவும் இருந்தது, போனால்தான் என்ன என்றும் இருந்தது.

"நம்புறேங்க," என்றாள் அக்கா. "நீங்க அடிக்க மாட்டீங்க. ஆனா எனக்குப் பயம் நிக்காதுங்க. கதவு தொறந்தா பயம், நீங்க இருமுனா பயம். அதுக்கு எவ்வளவு போடுவீங்க?"

அவர் வாயைத் திறந்தார். ஒரு எண்ணும் வரவில்லை. அந்த மனிதர் ஒரு கேள்விக்கு எண் சொல்லாமல் உட்கார்ந்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அம்மா தேத்தண்ணியோடு வந்தாள். அவர் அதை வாங்கிக் குடித்துவிட்டு, எந்த நாள் ரயில் கோச்சி என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

இந்தியாவுக்குக் கப்பலேறப் போகிற கோச்சியை எங்கள் ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். மாத்தளை ஸ்டேஷனில் அன்றைக்கும் அப்படித்தான், போகிறவர்களும் நிற்கிறவர்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்தச் சத்தத்துக்குள் மச்சான் வந்து நின்றார். அதே துவாய், அதே தாடி. யாராவது அடையாளம் கண்டுவிட்டால் அங்கேயே வெட்டிப் போட்டிருப்பார்கள், தெரிந்துதான் வந்திருந்தார். அப்பாவும் நானும் சேர்ந்து அசைக்க முடியாமல் நின்ற அந்த டிரங்குப் பெட்டியைத் தனியாகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, குனிந்து கோச்சிக்குள் ஏறினார். அப்பா அம்மா ஏறினார்கள். நானும் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தேன். அக்காவைக் கூப்பிட்டேன், அவள் படியருகே பிளாட்பாரத்தில் நின்றாள். கோச்சி ஊதிவிட்டது. ஏறுடி, ஏறுடி என்று அம்மா கத்தினாள். அக்கா உள்ளே பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள். மனம் மாறிவிட்டாளோ என்று நினைத்தேன். பிறகுதான் அவள் எதைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. மச்சான் பெட்டியை மேல்தட்டில் வைப்பதற்காக இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்திக்கொண்டிருந்தார். அவர் பெட்டியைச் சரியாகத் தள்ளிவைத்து, கையைக் கீழே இறக்கி, அந்தப் பக்கத்துக் கதவால் இறங்கிப்போகும்வரை அக்கா கோச்சியில் கால் வைக்கவில்லை.